வெயில் படாத கையெழுத்து

மாசி வீதித் துணிக்கடைகளில் முன்கண்ணாடிக்கு மஞ்சள் தாள் ஒட்டியிருப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா, வக்கீலம்மா? பொம்மைக்குக் கட்டிவிட்ட சேலை வெயிலில் வெளுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சேலையின் நிறமே தெரியவில்லை என்று வாங்க வருகிறவர்கள் சலித்துக்கொள்வார்கள். சாயம் தெரிந்தவன் சலித்துக்கொள்ள மாட்டான். எங்கள் அப்பா சாயப்பட்டறை வைத்திருந்தவர். எந்த நிறம் எத்தனை வெயில் தாங்கும் என்பது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து, மலையம்மாள் கேஸுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். வேறு வக்கீலாக இருந்தால் சம்மன், சாட்சிக் கூண்டு என்று மிரட்டியிருப்பார். ஷாஹீதா என்று உங்கள் பெயரைச் சொல்லி, காபியைக் குடித்துவிட்டு, மரியாதையாகக் கேட்டீர்கள். மரியாதைக்கு மயங்குகிற ஆள் நான். அதனால் எழுதுகிறேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ச்சந்தில் எனக்கு விளையாட்டுச் சாமான் கடை இருப்பது உங்களுக்குத் தெரியும். மலையம்மாள் எழுமலையிலிருந்து முதல் முதலாக ஷூ வாங்க வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அளவு பார்க்கச் சொன்னால், காலில் மண் இருக்கிறது என்று வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள். 1995-இல் வடக்கே நடந்த ஜூனியர் போட்டியில் மூவாயிரம் மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினாள். திரும்பி வந்ததும் நேராகக் கடைக்கு வந்தாள். நெஞ்சில் குத்தி ஓடிய செஸ்ட் நம்பர் துணியைப் பையிலிருந்து எடுத்து, என் பேனாவையே வாங்கி, அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

"பெரிய ஆளுகதான் இதெல்லாம் போடுவாகளாம்ண்ணே. நானும் போட்டுப் பாக்குறேன்" என்று சிரித்தாள். இருபது பேர் கைதட்டினார்கள். நான் அழுதேன். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

அந்தத் துணிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடை முகப்பில் மாட்டினேன். அங்கேதான் சறுக்கினேன். கடை மேற்குப் பார்த்தது. அடுத்த சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரம், சட்டத்தைத் துடைக்கும்போது பார்க்கிறேன், 218 என்ற அச்சு எண் கருகருவென்று அப்படியே இருக்கிறது. அதன் கீழே கையெழுத்தைக் காணோம். சாயப்பட்டறைக்காரன் மகன் கடையில், வெயில் வந்து சாயத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

துணியைச் சாய்த்துப் பார்த்தால் பேனா ஓடிய தடம் லேசாகத் தெரிந்தது. அந்தத் தடத்தின் மேலேயே மெல்லப் பேனாவை ஓட்டினேன். அவ்வளவுதான். மீனாட்சியம்மன் கோயில் கோபுரத்துக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வர்ணம் அடிக்கிறார்கள். அதனால் அது வேறு கோபுரம் என்று யாராவது சொல்கிறார்களா?

அதன் பிறகுதான் பாதுகாப்பில் முழுமூச்சாக இறங்கினேன். சட்டத்தை உள்சுவருக்கு மாற்றினேன். அந்தப் பக்கத்து டியூப் லைட்டைக் கழற்றினேன். கண்ணாடிக்கு மஞ்சள் தாள், அதற்கு மேல் கறுப்பு வெல்வெட் திரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், கேட்கிறவர்களுக்கு, ஐந்து எண்ணும் நேரம் திரையை விலக்கிக் காட்டுவேன். ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்தார். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்றேன். அதையே தலைப்பாகப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ஊரில் கையெழுத்து வாங்கிய மட்டை, பந்து, பனியன் வைத்திருந்தவர்கள் எல்லாம் என்னிடம் யோசனை கேட்டு வந்தார்கள். கீழவெளி வீதி உமர் பாரூக் ஒரு கிரிக்கெட் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, நம்ம பந்தையும் ஒரு வருசத்துக்கு அட்மிட் பண்ணிக்கங்க" என்றார். கையெழுத்து டாக்டர் என்று பெயரே வந்துவிட்டது. ஐம்பது வயதில் ஒரு மனிதனுக்குக் கிடைக்கும் பெயர் சாதாரண விஷயமில்லை.

ஆனால் மட்டமான மை. இருட்டில் வைத்தாலும் இறங்கிக்கொண்டேதான் இருந்தது. ஆகவே வருஷா வருஷம், திருவிழா முடிந்த வாரம், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறை பேனாவை ஓட்டுவேன். ஒன்பது வருஷம், ஒன்பது முறை. என் கை கொஞ்சம் திருத்தமான கை. அவள் எழுத்து கீழ்நோக்கிச் சரியும். அது வருஷத்துக்கு ஒரு நூல் அளவு நிமிர்ந்தது. கடைசி எழுத்தில் அவள் விடும் வால் நீளம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையானது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பார்க்க லட்சணமாக இருந்தது.

2004-இல் மலையம்மாளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சர்க்கார் வேலை வந்தது. வயது வரம்பு தாண்ட எட்டு மாதம்தான் பாக்கி. ஆர்டர் கைக்கு வரும் நேரத்தில் எவனோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டான். வெள்ளி வாங்கியது இவள் அல்ல, இறந்துபோன இவளுடைய அக்கா. அக்கா பெயரில் தங்கச்சி வேலைக்கு வருகிறாள் என்று. இவளுக்கு அக்காவே கிடையாது. ஆனால் பயிற்சி கொடுத்த வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார், போட்டோவில் முகம் சரியாக விழவில்லை, ஊர்க்காரர்கள் சொன்னதை விசாரித்த அதிகாரி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் போட்ட கையெழுத்து ஏதாவது இருந்தால் கொண்டுவா, இப்போதைய கையெழுத்தோடு வைத்துப் பார்க்கலாம் என்றார்.

அவள் சந்தோஷமாக என்னிடம் ஓடிவந்தாள்.

"அண்ணே, நீங்க மட்டும் அந்தத் துணிய இம்புட்டுப் பத்திரமா வைக்கலைன்னா நான் என்ன கதிக்கு ஆளாயிருப்பேன்? நாளைக்குக் கொண்டாந்துருங்கண்ணே. நான் முன்னாடியே போயி வாசல்ல நிக்கிறேன்."

அன்று வீட்டில் வசுந்தரா, என் மனைவி, நாங்கள் வீட்டில் பேசும் பாஷையில் ஆரம்பித்து, கோபம் தலைக்கேறித் தமிழுக்கு வந்தாள். "மை போட்டது நீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அந்தப் புள்ள பொழப்புங்க" என்றாள். பெண்களுக்கு ஒரு விஷயத்தின் மறுபக்கம் தெரிவதில்லை.

மறுநாள் துணியை வெல்வெட்டில் சுற்றிக் கொண்டுபோனேன். அதிகாரி நல்ல மனிதர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார். மலையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு வெள்ளைத் தாளில் அவளை நான்கு முறை கையெழுத்துப் போடச் சொல்லி, துணியின் பக்கத்தில் வைத்தார். ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

"இது அவங்க உங்க முன்னாடி போட்டதுதானா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"அதுக்கப்புறம் இதுல யாராச்சும் கை வச்சிருக்காங்களா?"

"வெயிலே பட விட்டதில்லை சார்" என்றேன். இது உண்மை. முதல் வருஷத்தைத் தவிர.

அவர் அதை அப்படியே எழுதி, எவ்வித மாற்றமும் செய்யப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்து நீட்டினார். கையெழுத்துப் போட்டுக் கடை முத்திரையும் வைத்தேன். அப்போதுதான் மலையம்மாள் கழுத்தை நீட்டித் துணியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, இது என் கையெழுத்து இல்லையேண்ணே" என்றாள்.

சூதுவாது தெரியாத பெண். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நீயே சொல்லிட்டியேம்மா" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையேதான் பார்த்தாள். நான் வெல்வெட் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

இவள்தான் அந்த மலையம்மாள் என்று நான் சொல்லியிருக்கலாமே என்று செவ்வாய்க்கிழமை கேட்டீர்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர்கள் என்னிடம் கேட்டது கையெழுத்தைப் பற்றி. தவிர, ஊரே வரிசையில் நின்று பார்த்த கையெழுத்தை, இது நான் வரைந்தது என்று ஓர் ஆபீஸ் மேஜையில் போட்டு உடைத்தால், அவள் வாங்கிய வெள்ளிக்கு என்ன மரியாதை? நான் யோசித்தது அவளுடைய பெயரைத்தான்.

போட்டோ எடுத்துக்கொண்டு துணியை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, ஆள்மாறாட்டம் என்று கேஸ் போட்டார்கள். பதினாறு நாள் உள்ளே இருந்தாள். ஜாமீனில் வந்த பிறகும் கேஸ் மாதக்கணக்கில் இழுத்ததில் வயது வரம்பு தாண்டிவிட்டது, பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டாரும் விலகிவிட்டார்கள். இப்போது கப்பலூரில் ஒரு கம்பெனியில் டப்பாவுக்கு லேபிள் ஒட்டுகிறாள். என் வாடிக்கையாளர் ஒருவர் அங்கே சூப்பர்வைசர். சம்பள நோட்டில் அவள் பெருவிரல் ரேகைதான் வைக்கிறாளாம். எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லிச் சேர்ந்திருக்கிறாள். அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

ஆகவே, நீங்கள் கேட்டபடி தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தத் துணியில் இருந்தது என் கை. மலையம்மாள் சொன்னது சரி, அது அவள் கையெழுத்து இல்லை. ஓடியதும் அவள்தான், 1995-இல் என் கடையில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். எல்லாம் தெரிந்தும் அதிகாரி முன்னால் பொய் சொன்னவன் நான். வசுந்தராவிடம் எழுதியாகிவிட்டது என்று சொன்னேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு, இரண்டு நாளாகத்தான் என் முகத்தைப் பார்த்துச் சோறு போடுகிறாள். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

துணியைப் பரிசோதனைக்கு அனுப்பினால் மேல் மை, அடி மை எல்லாம் பிரித்துச் சொல்லிவிடுவார்கள் என்றீர்கள். நல்ல யோசனை. ஆனால் நீங்கள் கிளம்பிப் போன அன்றே அதை எடுத்து, பட்டறை வழக்கப்படி பிளீச்சிங் பவுடரில் இரண்டு முக்கு முக்கி, மொட்டை மாடியில் விரித்துவிட்டேன். மூன்று நாள் அக்னி நட்சத்திர வெயில். என்னுடைய மை ஒரு சொட்டுக்கூட இல்லாமல் போய்விட்டது. சுத்தமான துணியாக இத்துடன் வைத்திருக்கிறேன். அவளிடமே கொடுத்துவிடுங்கள், விருப்பப்பட்டால் புதிதாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும்.

கைப்பட எழுதாமல் வெளியூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நானே உட்கார்ந்து டைப் செய்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அது மட்டும் இல்லை. கோர்ட்டில் யாராவது கேட்டால் இதை நான் எழுதவில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் நீங்கள் நம்பலாம், வக்கீலம்மா. இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.