மற்றும் பிறர்

ஒரு கட்டுரையை ஆறு பேர் எழுதியிருந்தால், மேற்கோள் பட்டியலில் ஆறு பேரின் பெயரையும் போடலாம். ஏழாவதாக ஒருவர் இருந்தால் முதல் ஆறு பெயரை எழுதிவிட்டு 'மற்றும் பிறர்' என்று முடித்துவிட வேண்டும். சில மருத்துவ இதழ்கள் மூன்று பேரோடு நிறுத்தச் சொல்லும். இதையெல்லாம் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. நான் கவனிப்பேன். அது என் வேலை.

வேலை என்று சொன்னேன். நூலகத்தில் நான் பார்த்த வேலை வேறு. இது என் தம்பிக்காக, சனிக்கிழமை மதியங்களில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து செய்தது. அவன் பிறந்த குழந்தைகளுக்கான வார்டில் டாக்டர். ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதுவான். கட்டுரையின் கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் மட்டும் அவனுக்கு ஒத்துவராது. முதல் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது, பட்டியல் தாறுமாறாக இருந்ததால். "அக்கா, நம்பர் மட்டும் போட்டுக் குடுத்துடேன், உனக்கு அஞ்சு நிமிஷ வேலை" என்றான். அந்த ஐந்து நிமிடம் பதினொரு ஆண்டுகள் ஓடியது.

அவன் ஒரு பத்தியை மேலிருந்து கீழே நகர்த்தினால் பட்டியலின் எண்கள் எல்லாம் மாறும். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஒவ்வொரு மூலக் கட்டுரையையும் கணினியில் திறந்து தலைப்பு, ஆண்டு, பக்கம் சரிபார்ப்பேன். சந்தேகம் இருந்தால் மஞ்சள் சீட்டில் எழுதி ஓரத்தில் ஒட்டுவேன். ஒருமுறை கேட்டேன்: "இந்த அம்பத்தெட்டையும் நீ படிச்சியாடா?"

"நீ பாத்துட்டா நான் படிச்ச மாதிரிதான்க்கா."

அப்போது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் நன்றி சொல்ல நான்கு வரி இடம் உண்டு. அடுத்ததில் உன் பெயரைப் போடுகிறேன் என்று அவனாகத்தான் சொன்னான். நான் கேட்டதில்லை. பெயருக்காக நான் எதையும் செய்யவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொண்டால் நல்லது.

அந்தப் பெரிய கட்டுரை, நீங்கள் விசாரிக்கும் கட்டுரை, தொற்று வந்த பச்சைக் குழந்தைகளுக்குப் போடும் ஊசியைப் பற்றியது. ஒரு நாளைக்கு இரண்டு சிறிய ஊசிக்குப் பதில் அளவைக் கூட்டி ஒரே ஊசியாகப் போடலாம், கெடுதல் வராது என்பது அவன் வாதம். ஒரு வியாழக்கிழமை, திருத்திய தாள்களைக் கொடுக்க அவன் அறைக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அவனுடைய ஜூனியர், கண்ணாடி டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெஃபரன்ஸ் மட்டும் எப்படி சார் இவ்வளவு சுத்தமா வருது? நான் ஒரு பட்டியல் போடுறதுக்குள்ள தாவு தீந்துடுது."

"அதெல்லாம் ஒரு சாஃப்ட்வேர் பாத்துக்குது," என்றான் தம்பி. "சோறு தண்ணி கேக்காது. எதிர்த்துப் பேசாது."

இருவரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். நான் தாள்களை வெளியே நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஒரே ஒரு மேஜை இருந்தது. அவன் அதில் படித்தான். நான் சமையல் மேடையில் நின்றுகொண்டு படித்தேன். இது குறை அல்ல, தகவல்.

அந்தச் சனிக்கிழமை கடைசிச் சரிபார்ப்பு. இருபத்து மூன்றாவது மேற்கோளைத் திறந்தேன். 'கெடுதல் வராது' என்ற தம்பியின் பத்தி முழுவதும் நின்றது அந்த ஒரு ஆய்வின் மேல்தான். தலைப்புக்கு முன்னால் சிவப்பில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று புதிதாக ஒரு சொல் இருந்தது. அந்த ஆய்வு செல்லாது என்று இதழே விலக்கிக்கொண்டிருந்தது; கீழே காரணம் கொடுத்திருந்தார்கள். கூடுதல் ஊசி போட்ட குழந்தைகளில் பதின்மூன்று பேருக்குக் காது கேட்காமல் போயிருக்கிறது. அவர்களை அட்டவணையில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். மூன்று முறை படித்தேன்.

மஞ்சள் சீட்டில் 'தம்பி, 23 செல்லாது, உடனே கூப்பிடு' என்று எழுதி ஒட்டினேன். பிறகு நன்றிப் பக்கத்தைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. மேற்கோள்களை ஒழுங்குபடுத்த உதவிய மென்பொருளுக்கு நன்றி என்று இருந்தது. வாய்ப்பேச்சை மன்னிக்கலாம். அச்சுக்குப் போவதற்கு அவன் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறான்.

சீட்டைப் பிய்த்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். மூல இதழில் முதலில் அச்சான தலைப்பை அப்படியே தர வேண்டும் என்பது விதி. முதலில் அச்சானபோது அந்தச் சிவப்புச் சொல் இல்லை. அதனால் பட்டியலில் அதைச் சேர்க்காமல் விட்டேன். அந்த விதி இருக்கும் அதே பக்கத்தின் அடியில், திரும்பப் பெறப்பட்டவற்றைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று இன்னொரு விதி இருப்பது எனக்குத் தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது. அவன் என்னை எதுவாக நினைத்தானோ அதுவாக அன்று ஒரு நாள் இருந்தேன், அவ்வளவுதான்.

கட்டுரை வந்தது. அவன் வார்டிலும் இன்னும் மூன்று மருத்துவமனைகளிலும் ஊசியின் அளவை மாற்றினார்கள். எத்தனை குழந்தைகள் என்று உங்கள் பட்டியல் சொல்கிறது. நான் அதில் தலையிடவில்லை.

கட்டுரை வந்த எட்டாவது மாதம் தம்பி மகளுக்குக் குறைப்பிரசவம். பெண் குழந்தை. மூன்றாம் நாள் தொற்று. அவன் வார்டிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் அவன் பக்கத்தில் நின்றேன். ஊசியின் அளவை அவனே எழுதினான்.

"பயப்படாதக்கா," என்றான், எனக்குச் சொல்வதுபோல் தனக்கே. "நம்ம பேப்பர்தான் இவளைக் காப்பாத்தப் போகுது."

நம்ம. பதினொரு ஆண்டில் முதல் முறை. கைப்பை என் தோளில்தான் இருந்தது. சீட்டு அதற்குள்தான் இருந்தது.

"எத்தனை நாளைக்குடா ஊசி?" என்றேன்.

"ஏழு நாள்."

"சரி," என்றேன்.

ஏழு நாளும் போய்ப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவனாக ஒருமுறை அந்த இருபத்து மூன்றைத் திறந்து பார்ப்பான் என்று காத்திருந்தேன். பேத்திக்காகவாவது பார்ப்பான் என்று நினைத்தேன். என்னை ஏமாற்றியது அவன்தான் என்பதை நீங்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

குழந்தைக்கு இப்போது ஆறு மாதம். தொற்றிலிருந்து பிழைத்துக்கொண்டாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது சமையலறையில் குக்கர் மூடி விழுந்தது. தம்பி மகள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். குழந்தை அசையவில்லை.

"பாருங்க அத்தை, இடி விழுந்தாலும் தூங்குவா," என்று அவள் பெருமையாகச் சிரித்தாள். "சமத்து. யார் சத்தமும் இவளை ஒண்ணும் பண்ணாது."

நானும் சிரித்தேன்.

நீங்கள் கேட்காமலே சொல்கிறேன்: தெரிந்துதான் செய்தேன். முதலில் ஒட்டிய சீட்டு இதோ. பசை போய்விட்டது, எழுத்து தெளிவாக இருக்கிறது. தம்பி உங்களிடம் கொடுத்த விளக்கத்தையும் வாசித்தேன். 'கடந்த பதினொரு ஆண்டுகளாக என் எல்லாக் கட்டுரைகளின் மேற்கோள்களையும் தயாரித்தவர் என் அக்காதான்' என்று எழுதி, என் முழுப் பெயரையும் போட்டிருக்கிறான். அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன்.

உங்கள் அறிக்கை அச்சாகும்போது பொறுப்பானவர்களின் பெயர்கள் முதல் பக்கத்தில் வரும் என்றார்கள். தம்பி, ஜூனியர், இதழின் ஆட்கள் எல்லோரையும் சேர்த்தால் ஆறு பேருக்கு மேல் வரும். என்னை எத்தனையாவதாகப் போடுவீர்கள்?