ஜூடித் ஃபெரேயோட மூணாவது பிள்ளை

இல்ல தம்பி, சரி போங்கன்னு கை காட்டாதீங்க. பையைப் பாருங்க. வெளிய போற எல்லார் பையையும் பாக்கணும்னு செவுத்துல ஒட்டியிருக்கீங்கல்ல, அதுல டோரீன் பேர்டைத் தவிரன்னு எங்கயும் போடலையே. எட்டு மாசமா வர்றவதான், அதுக்காக? எனக்கு அவசரமே இல்ல. பெத்னல் கிரீன் பஸ்ஸு எப்ப வேணா வரும்.

இது பென்சில். இது பூதக்கண்ணாடி. இது பிரெஞ்சு அகராதி, அட்டை போயிருச்சு. இது எங்கண்ணன் ரெஜ்ஜோட மூக்குக்கண்ணாடிக் கூடு. அதை அப்புறம் பாக்கலாம், முதல்ல நோட்டைப் புரட்டுங்க.

ஆமா, கிறுக்கல்தான். எழுதினவளுக்கே புரியாது. என்ன தேடறேன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல. அந்த ஹியூகனாட்டுங்கதான், வேற என்ன. மதத்தை மாத்திக்கோன்னு ராஜா விரட்ட, பிரான்சுலேருந்து படகேறி ஓடி வந்து இங்க ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ்ல தறி போட்டவங்க. இந்தப் பழைய ஏட்டு நூலக வாசல்ல நிக்கறீங்க, கேட்டுக் கேட்டு காது புளிச்சிருக்கும். பேர்டுக்கும் பிரெஞ்சுக்கும் என்னன்னு நினைக்கிறீங்களா? லுவாசோன்னு பேரு. அவங்க பாஷையில பறவை. இங்க எழுதினவனுக்கு வாயில நுழையல, அதையே இங்கிலீஷ்ல பேர்டுனு போட்டுட்டான். எங்கப்பா சொல்லுவாரு. குடிச்சா மட்டும்தான் சொல்லுவாரு, அதனால நாங்க நம்பல.

அப்ப நம்பல, இப்ப நம்ப வேண்டியதாப் போச்சு. வீட்டுக்காரன் போன வருஷமே வீட்டை வித்துட்டான் தம்பி. இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். நான் ஒருத்தின்னா எங்கயாவது ஒண்டிக்குவேன். ரெஜ்ஜுக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம். கண்ணும் போச்சு, வாயும் போச்சு. டோர், டோர்னு என் பேருல பாதிதான் வரும். பசிச்சாலும் டோர், பாத்ரூம் போகணும்னாலும் டோர். எந்த டோருக்கு என்ன அர்த்தம்னு எனக்கு மட்டும்தான் தெரியும். கவுன்சில்ல நல்லாத்தான் பேசினாங்க, குத்தம் சொல்லக் கூடாது. அவனுக்கு மார்கேட்ல கடலோரமா ஒரு இல்லம், எனக்கு ரோம்ஃபோர்டுல ஒரு ரூம். வாரம் ஒருக்கா போய்ப் பாக்கலாமாம். மத்த ஆறு நாளு அவன் டோர்னு கூப்பிட்டா யாரு எந்திரிச்சுப் போவா?

அப்பத்தான் கேள்விப்பட்டேன், அந்த அகதிங்க வாரிசுக்குன்னே ஒரு தர்மஸ்தாபனம் வயசானவங்களுக்கு வீடு குடுக்குதுன்னு. போய்ப் பாத்தேன். ரெண்டு ரூம், வாசல்ல ஒரு பேரிக்காய் மரம். அண்ணன் தங்கச்சி சேந்து இருக்கலாமான்னேன், தாராளமான்னாங்க. ஒண்ணே ஒண்ணு, ரத்த வழி வாரிசுன்னு தாள்ல காட்டணும். அவங்க கமிட்டி இந்த வியாழக்கிழமை கூடுது.

இன்னிக்கு செவ்வாய். தெரியும் தம்பி.

ஜேம்ஸ் பேர்டுன்னு ஒரு பட்டு நெசவுக்காரர் வரைக்கும் சுலபமாப் போயிட்டேன். அதுக்கு மேல ஏணி இல்ல. ஏழைங்களுக்கு ரொட்டியும் சூப்பும் ஊத்தின பிரெஞ்சு சங்கம் ஒண்ணு இருந்துச்சுல்ல, அந்த சூப்பு வீட்டு ஏட்டைப் பாருன்னாங்க. எட்டு மாசம் தம்பி, லுவாசோ விதவை, லுவாசோ விதவைன்னு பக்கம் பக்கமாத் தேடறேன். ஒருத்தியும் இல்ல. போன வாரம் ஜன்னலோர மேசையில பிஸ்கட் தூள் சிந்துவாரே ஒரு தாடிக்காரர், அவர் சிரிச்சுட்டாரு. அம்மா, பிரெஞ்சுக்காரங்க பொம்பளைங்களைப் புருஷன் பேருல எழுத மாட்டாங்க, கட்டிக்கிட்டாலும் புருஷன் செத்தாலும் அப்பன் வீட்டுப் பேருதான்னாரு. நான் பேர்டாப் பொறந்து, எவனையும் கட்டாம, பேர்டாவே கிடக்கறவ. எனக்கு இது எங்க தெரியப் போகுது? மறுநாளே கிடைச்சா. ஜூடித் ஃபெரே, லுவாசோவோட விதவை. மூணு பிள்ளைங்க. மாரி, எஸ்தர், ஜாக். ஜாக்தான் இங்க ஜேம்ஸ். நான் கழிப்பறைக்குள்ள போய் அழுதேன். நீங்ககூட ஜலதோஷமான்னு கேட்டீங்களே, அன்னிக்குத்தான்.

அந்த ஸ்தாபனத்துச் செயலாளரம்மாவுக்கு போன் போட்டேன். ரொம்ப சந்தோஷம், சூப்பு ஏடு போதும், ஆனா எங்க ஆள் ஒருத்தர் புதன்கிழமை வந்து சங்கத்தோட இன்னொரு ஏட்டையும் பாப்பாரு, பிள்ளைங்களைத் தொழில் பழக விட்ட ஏடு, சும்மா ஒரு முறைக்குத்தான்னாங்க. அதுல ஜாக் பேரு வர்ற பக்கம் இல்லைன்னான்னு கேட்டேன். பழைய ஏடுதானே, எலி தின்னது பாதி, இல்லைன்னா பரவால்லன்னாங்க.

சரி, அவருக்கு முன்னாடி நாம பாத்துருவோமேன்னு இன்னிக்குக் காலையில அதை எடுக்கச் சொன்னேன். எலி தின்னல. முத்து முத்தா எழுத்து. ஜாக், வயசு பதிமூணு. சூப்பு வீட்டு வாசப்படியில கூடையில கிடந்த பிள்ளை. சுத்தியிருந்த துணியில இங்கிலீஷ் எழுத்து தச்சிருந்துச்சாம். பெத்தவங்க யாருன்னு தெரியல. அநாதைப் பிள்ளைன்னா ஊர் விடுதிக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு இந்த ஜூடித் ஃபெரே தன் பிள்ளைன்னு பொய் சொல்லி, பன்னெண்டு வருஷம் மூணு பிள்ளைக்கு சூப்பு வாங்கியிருக்கா. கேட்டதும் ஒத்துக்கிட்டா, பையனைப் பட்டு நெசவுக்கு விட்டாச்சுன்னு எழுதியிருக்கு.

ஒரு சொட்டு பிரெஞ்சு ரத்தம் இல்ல தம்பி. எவளோ இங்கிலீஷ்காரி வெச்சுட்டுப் போன கூடை நாங்க.

ஜூடித் மேல கோவமே வரல. அவ இடத்துல நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அப்பறம், சாப்பாட்டு நேரமில்லையா, ஹால்ல யாருமில்ல. தாடிக்காரரும் எந்திரிச்சுப் போயிட்டாரு. பழைய தாளு கிழிச்சா சத்தமே போடாது, தெரியுமா உங்களுக்கு? பேசாம பஸ் ஏறியிருப்பேன். நீங்களும் போங்கன்னுதான் சொன்னீங்க. ரெஜ் வீட்டுல ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டு உக்காந்திருப்பான். வீடு கிடைச்சுருச்சுடான்னு சொல்லியிருப்பேன்.

மடிக்கறப்போ பின் பக்கம் கண்ணுல பட்டுச்சு. படிச்சிருக்கக் கூடாது. சூசான், எலிசபெத்துன்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, அப்பா அம்மா இல்லாததுங்க. ரெண்டையும் தையக்காரி ஒருத்திகிட்ட விட்டிருக்காங்க. ஓரத்துல வேற கையெழுத்துல ஒரு வரி. ஒரே வீட்டுல வைக்கவும், பிரிக்க வேண்டாம். அதுங்க வழியில வந்தவ எவளாவது ஒருத்தி என்னை மாதிரி பையைத் தூக்கிட்டு இங்க வருவா தம்பி. வந்து எட்டு மாசம் தேடுவா.

நோட்டை வெச்சுருங்க, அதுல ஒண்ணுமில்ல. இந்தாங்க கூடு. உங்க கையாலயே திறங்க, மெதுவா. நாலா மடிச்சிருக்கேன், மடிப்புல ஏற்கெனவே கொஞ்சம் விட்டுப்போச்சு.