ஒன்பது தரம் வந்த இடம்

சுவிட்சர்லாந்தில், லோசானிலிருந்து வெவே போகும் ரயிலில் எனக்கு எதிரே நடுத்தர வயதுத் தம்பதி ஒன்று இருந்தது. மனைவியின் மடியில் ஒரு சாப்பாட்டுப் பை, காலடியில் இன்னொன்று.

“ஒன்பது தரம் வந்தும் நான் இந்த இடத்தைப் பாக்கேல்லை,” என்றார் மனைவி.

“என்ன விசர்க்கதை? லண்டன் மச்சாள் வரேக்கையும் வந்தனீர், கனடாச் சித்தப்பா வரேக்கையும் வந்தனீர்.”

“வந்தனான். நீங்கள் அவைக்கு இடம் காட்ட, நான் பையிலை இருந்து ரோல்ஸ் எடுத்துக் குடுத்தனான். குடுத்து முடிய வெவே வந்திடும். இண்டைக்குத்தான் தனிய வாறம்.”

கணவர் எழுந்து தன் ஜன்னலோர இருக்கையை அவருக்குக் கொடுத்தார். வெளியே சரிவு முழுவதும் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள்.

“இதுதான் முந்திரிகைத் தோட்டம். அங்காலை ஏரி. இஞ்சத்தை வைன்…”

“அதெல்லாம் எனக்குப் பாடம். கதைக்காமல் இருங்கோ, பாப்பம்.”

சிறிது நேரத்தில் மனைவியின் கை, பழக்கத்தில் பையின் ஜிப்பைத் தேடியது. கணவர் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏன், உங்களுக்குப் பசிக்கேல்லையோ?”

“பசிக்குது. நீர் வெளியிலை பாரும்.”