கெஸ்லருக்கு ஒரு அஞ்சலி

– கையை எடும், கிளறிற்றா. நான் உள்ளுக்குப் போகவேணும்.

– அந்தக் கடுதாசியைத் தந்திட்டுப் போம், பிரதாபன். செத்த மனுசனுக்கு அஞ்சலிக் கூட்டம். முன் வரிசையிலை அவற்ற மனுசி இருக்கிறா.

– இருக்கட்டும். பேராசிரியர் கெஸ்லர் ஆரெண்டு அவவும் கேக்கட்டும். யூதவியலிலை அந்தாளை மிஞ்ச ஆளில்லையெண்டு எல்லாரும் உருகுவினம். என்ர ஆய்வைக் குப்பையிலை போட்டதை ஆர் சொல்லுறது?

– குப்பையிலை போடேல்லை. திருத்தித் தரச் சொன்னவர். நீர்தான் கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போனனீர்.

– நாலு வருசம்! பகலிலை படிப்பு, பின்னேரம் ஈஸ்ட் ஹாமிலை மூட்டை தூக்கினனான். அழிஞ்ச ஊர்களுக்கு யூதர் எழுதின நினைவுப் புத்தகங்கள் ஒரு பக்கம். மன்னார்க் கரையிலை ஒரு ஊர்ச் சனம் செத்தவையின்ர நினைவுக்கெண்டு அச்சடிச்சுக் குடுத்த கல்வெட்டுப் புத்தகங்கள் மற்றப் பக்கம். ஒருத்தரும் செய்யாத வேலையெண்டு அவரே சொன்னவர்.

– ஓம். எனக்கும் சொன்னவர்.

– உமக்கென்ன, செல்லப்பிள்ளை. உம்மட விசாக் கேசுக்குக் குரோய்டன் கந்தோருக்கு வந்து நாள் முழுக்கக் குந்தியிருந்த மனுசன்.

– பொக்கற்றிலை அவிச்ச முட்டையோடை. நான் சாப்பிட்டாத்தான் தானும் சாப்பிடுவனெண்டு. அந்த மனுசனையோ நாறடிக்கப்போறீர்?

– என்னையும் 'மகன்' எண்டுதான் கூப்பிட்டவர்! பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, "உன்ர ஆய்விலை, ஊரிலை சுடுபட்டுச் செத்தவையின்ர பட்டியலிலை மூண்டு பேரை விட்டிட்டாய், ஏன்?" எண்டார்.

– ஏன் விட்டனீர்?

– அவையை ஆமி சுடேல்லை. எங்கட இயக்கப் பெடியள் சுட்டது. துரோகியளின்ர பேரை ஆர் நினைவுப் பட்டியலிலை போடுவான்?

– துரோகியெண்டு ஆர் கண்டது?

– ஊரே சொன்னது. விடும். அந்தாளுக்குத் தமிழிலை ஒரு எழுத்துத் தெரியாது. எவனோ ஓதிக்குடுத்திருக்கிறான். அவன் ஆரெண்டு கடைசிவரைக்கும் சொல்லேல்லை. அதைத்தான் மைக்கிலை கேக்கப்போறன். விலகும்!

– மைக் வேண்டாம், இதிலையே கேளும். உம்மட பட்டியலை அவருக்கு வாசிச்சுக் காட்டினது நான். அவர் பாஸ் போடத்தான் நிண்டவர். என்ர அண்ணையின்ர பேர் அதிலை இல்லையெண்டு நான்தான் அழுதனான்.