ஆவியில் பார்த்த சிவப்பு

எனக்குச் சிவப்பு நன்றாகத் தெரியும், ஐயா. பிள்ளையார்பாளையத்தில் முப்பது வருஷமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறேன். மாதிரி நூலையும் தோய்த்த நூலையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தால் எது ஒரு சொட்டுக் குறைவு என்று சொல்லிவிடுவேன். ஒன்றே ஒன்று, கொப்பரையில் ஆவி எழும்போது நிறம் சொல்லக் கூடாது. ஆவி நல்ல சிவப்பையும் மங்கலாகக் காட்டும்.

செல்லியம்மாள் என் அக்கா. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த பிறகு நான்கு வருஷம் நான்தான் பார்த்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவள் மகள் இளவரசி ஐயம்பேட்டையில் குடும்பமாக இருக்கிறாள். காலையில் அக்காவைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுப் பட்டறைக்குப் போவேன். மதியம் வந்து மறுபடி அதே வேலை. மாத்திரைப் பெயரைப் படிக்கத்தான் நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றேன். அவள்தான் விரட்டினாள். "நீ தப்பா குடுத்து நான் செத்தா, எமன்கிட்ட உன் பேரத்தான்டா சொல்லுவேன்" என்பாள்.

எழுத்து வந்த பிறகு அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். 2019 மார்கழியில் ஒரு செய்தி. திருவாதிரை நட்சத்திரம் மங்குகிறதாம். கிழட்டு நட்சத்திரம். சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் பூமியையே விழுங்கிவிடும் அளவு ஊதியது. ஊதும், சுருங்கும், ஒருநாள் வெடித்துப் போகும். அக்கா பிறந்த நட்சத்திரம் அது.

"அதுவும் படுத்துக்கிச்சா? தொணைக்கு ஆள் கெடச்சிதுபா" என்றாள்.

அன்று வேலை விட்டு வரும்போது பார்த்தேன். பக்கத்தில் ரோகிணியும் சிவப்புதான். அதை மாதிரியாக வைத்துக்கொண்டேன். எப்போதும் திருவாதிரைதான் தூக்கலாக இருக்கும். அன்று ரோகிணியைவிட மங்கிப் போயிருந்தது. நட்சத்திரம் போனால் அவளும் போவாள், போகிறவளுக்கு எதற்கு மாத்திரை என்று மறுநாள் நிறுத்தினேன்.

"ரத்தக்கொதிப்பு மாத்திரை எங்கடா?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாருக்கா. சீட்டுல எழுதி இருக்குது பாரு."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. "படிச்ச தொர சொன்னா சரிதான்" என்று சிரித்தாள்.

ஆருத்ரா தரிசனத்துக்குக் களி கேட்டாள். கிண்டிக் கொடுத்தேன். தை முழுக்க நட்சத்திரம் இறங்கியது. அவளும் இறங்கினாள். தலை வலிக்கிறது என்றாள், பேச்சு குழறியது. இரண்டும் ஒன்றாகப் போவதைப் பார்க்க ஒரு ஒழுங்காக இருந்தது.

மாசிக் கடைசியில் அது ஏறத் தொடங்கியது. ஜன்னல் வழியாக அவளே பார்த்துவிட்டாள்.

"டேய், செவக்குதுடா. பொழச்சிக்குவேன் போல இருக்குது. டாக்டராண்ட அந்த மாத்திரையத் திரும்பக் கேட்டு வாங்கிக்கினு வாடா."

மாத்திரை அலமாரியில், சாயப்பொடி டப்பாவில் இருந்தது. அரசாங்கம் சும்மா கொடுத்ததை எறிய மனம் வரவில்லை. சரிக்கா என்றேன். எடுக்கவில்லை. இரண்டரை மாதம் பார்த்த கண் பொய் சொல்லாது என்று நினைத்தேன். களைப்பாகவும் இருந்தது. நான்காம் நாள் காலை பேச்சில்லாமல் கிடந்தாள். பட்டறைக்குப் போய்விட்டு மதியம் வந்தேன். முடிந்திருந்தது.

போன மாதம் இளவரசி அந்த டப்பாவைத் திறந்து எண்ணினாள். எழுபத்தாறு. எண்ணிக்கை சரிதான். நாளுக்கு ஒன்று.

நட்சத்திரம் சாகவே இல்லையாம், ஐயா. அதுவே கக்கிய தூசி முன்னால் நின்று மறைத்ததாம். பிறகு பேப்பரில் போட்டார்கள். அதைப் படித்த அன்றுதான் எனக்கு அழுகை வந்தது. முப்பது வருஷத்தில் நான் செய்த ஒரே தப்பு அது. ஆவி அடங்கும் முன் நிறம் சொல்லிவிட்டேன்.