ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஜன்னலோரம் இருந்த அம்மா, "பாத்ரூம் கறை போவவே மாட்டேங்குது. ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணா கலந்து ஊத்துடின்னு பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

துப்புரவு வேலைச் சீருடையில் இருந்த பக்கத்துப் பெண் சட்டென்று திரும்பினார்.

"இன்னாக்கா சொல்ற? ரெண்டையும் கலந்தா விஷப் புகை வரும், மூச்சே அடைச்சிடும். வேலைக்குச் சேர்ந்த மொத நாளே எங்களுக்கு அதத்தான் சொன்னாங்க. உடனே போன் போடு."

அந்த அம்மா போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்.

"கதவ வேற சாத்திகினுதான் கழுவுவா."

"பக்கத்து வூட்ல யாராச்சும்?"

"எல்லாம் வேலைக்குப் போயிருப்பாங்க. இவ ஒண்டியாதான் இருக்கா."

கரிக்கலாம்பாக்கம் வந்ததும், இறங்கி ஆட்டோவில் திரும்பிவிடலாம் என்று அந்த அம்மா எழுந்தே விட்டார். நின்றபடி ஐந்தாவது முறை போட்டபோது மறுமுனையில் தூக்கக் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இன்னாம்மா?"

"பாத்ரூம் கழுவிட்டியாடி?"

"இல்லம்மா. சும்மா படுத்தேன், தூங்கிட்டேன். திட்டாத, இதோ போறேன்."

அந்த அம்மா அப்படியே இருக்கையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போவாதடி. நீ தூங்கு கண்ணு. நல்லா தூங்கு."