சேவல் தலையும் அப்பாவின் கோட்டும்

— அந்தக் காட்சியை வெட்டுனாத்தான் தம்பி படத்தைத் திரையிட அனுமதின்னு கையெழுத்துப் போடுவேன், லிவியா. இல்லேன்னா உங்க ஆவணக் காப்பகம் வேற யார் படத்தையாவது காட்டிக்கட்டும். முதல்ல முதுகை நிமித்தி உட்காரு.

— லெயோகாடியா அம்மா, உங்க தம்பி படம்னாலே எல்லாரும் பேசுறது அந்த ஒரு காட்சியைத்தான். வீட்டுக்குள்ள பனி கொட்டுது, கிறிஸ்துமஸ் மேசையில கெண்டை மீன் ஜெபம் சொல்லுது...

— எங்க வீட்டு மீன் வாயே திறந்ததில்ல.

— கனவு மாதிரிங்கிறாங்கம்மா. யாரோ கதவைத் தட்டுறாங்க. சேவல் தலையோட ஒரு உருவம் போய்த் தாழ்ப்பாள் போடுது.

— தலை சேவலோடது. கோட்டு யாரோடது? நரித்தோல் காலர், மூணாவது பொத்தான் இல்ல. எங்க அப்பாவோட கோட்டு! தம்பி ஸெனோன்தான் படத்துக்குன்னு பரண்லேர்ந்து எடுத்துட்டுப் போனான். படம் வந்த அன்னிக்கே ஊர் அது யார் கோட்டுன்னு கண்டுபிடிச்சிருச்சு. முப்பத்தி மூணு வருஷமா அப்பா கல்லறையில நான் ஏத்துற விளக்கைத் தவிர வேற விளக்கு இல்ல.

— அப்போ நிஜமாவே யாரோ தட்டினாங்களா?

— போர்க்காலம். தட்டினது மருந்துக்கடைக்காரர் மகன், அவனை ஜெர்மன்காரங்க துரத்திட்டு வந்தாங்க. உள்ள விட்டா எங்களையும் சேர்த்துச் சுடுவாங்க. மேசையில, கிறிஸ்துமஸ் ராத்திரி வழக்கம்போல, சொல்லாம வர்ற விருந்தாளிக்குன்னு ஒரு காலித் தட்டு வெச்சிருந்தோம். காலைல அவன் வாசல் பனியில கிடந்தான்.

— ஐயோ... உங்க தம்பி அப்ப எங்க?

— அஞ்சு வயசு. மேசைக்கு அடியில பூனையோட. அங்கேர்ந்து என்ன தெரியும்? கோட்டைப் பார்த்திருப்பான். அதை வெச்சுப் பெத்தவர் பேருலயே சேறு பூசிட்டான். வெட்டு.

— இருங்கம்மா, ஒண்ணு காட்டுறேன். பழைய பிரதியில அந்த இடம் ஒரே இருட்டா இருக்கும். இப்பத்தான் நெகட்டிவைச் சுத்தம் பண்ணினோம். தாழ்ப்பாள்ல கை தெரியுதா?

— என் கண்ணாடியை எடு... ம்.

— கோட்டுக் கை தொளதொளன்னு தொங்குது, உள்ள சின்னக் கை. விரல்ல மின்னுறது மோதிரமா?

— மோதிரம் இல்ல. தைக்கிறப்போ ஊசி குத்தாம விரல்ல மாட்டுறது.

— அப்போ உங்க தம்பி காட்டினது உங்க அப்பாவை இல்லியே!

— அன்னிக்கு அடுப்புக்குக் கரி தீர்ந்துபோச்சு. அப்பா கோட்டைக் கழட்டிப் போர்த்திவிட்டார். தட்டுற சத்தம் கேட்டதும் திறக்கத்தான் எழுந்தார், பாவம், அதுக்குள்ள தாழ்ப்பாள் விழுந்திருச்சு.

— யாருக்குப் போர்த்திவிட்டார்?

— ...ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஸெனோன் அந்தக் காலித் தட்டை எனக்கு நேரெதிர்லதான் வெப்பான். அக்காங்கிற மரியாதைன்னு நினைச்சேன்.

— அம்மா... வேணும்னா பழையபடி இருட்டாவே விட்டுடுறேன். யாருக்கும் தெரியாது.

— பேனாவைக் குடு. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டு, பொண்ணே. என் கை ஊருக்கு நல்லாத் தெரியட்டும்.